ஒன்பது தட்டும் ஒரு போத்தலும்

ஆஸ்பத்திரியில் மூத்திரப் போத்தலுக்குள் பைப் தண்ணீர் கலந்த ஆள் நான்தான். ஊரில் இந்தக் கதை நாலைந்து விதமாகத் திரிகிறது. ஒரு விதத்தில் நான் கலந்தது இளநீர், இன்னொன்றில் பால் விடாத பிளேன்ரீ. இரண்டும் பொய். வவுனியா ஆஸ்பத்திரியில் ஆண்கள் வாட்டின் முடிவில் இரண்டு பைப் இருக்கிறது. அதில் இடது பக்கத்துப் பைப்பில் பிடித்த தெளிந்த தண்ணீர். பதினெட்டு வருஷமாகப் பால் விற்கிறேன். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவன் என்று இதுவரை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. போயும் போயும் இதற்குள் கலந்து பெயரைக் கெடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு வயலுக்குள் கால் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வரம்பில் ஒரு கதிரையைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, மற்ற ஆட்கள் என் வயலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகிற வருகிற எல்லாரும் நின்று, "சூசை, எலிக்காய்ச்சல் எண்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் நோகிறது. எழுதி வைத்தால் கேட்கிறவர்களிடம் தாளை நீட்டிவிடலாம்.

முதலில் காலைச் சொல்ல வேண்டும். மார்கழி பிறக்க முதல் பெய்த மழையில் அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்ந்து, என் வயலின் கீழ் வரம்பு உடைந்தது. மண்வெட்டியோடு போனேன். ஆத்திரத்தில் கொத்தியதில் ஒரு கொத்து வரம்பில் விழாமல் என் இடது காலில், பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. பெரிய காயமில்லை. கோப்பித்தூளை அப்பி, சீலைத் துண்டால் கட்டி, அதோடு நாலு நாள் சேற்றுத் தண்ணீருக்குள் நின்று வரம்பைக் கட்டி முடித்தேன். என் மனிசி றெஜினா செருப்பாவது போடச் சொன்னாள். வயலுக்குள் செருப்புப் போடுகிறவன் கமக்காரனா என்று கேட்டேன். அந்த வசனத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

எலியின் மூத்திரத்தில் ஒரு கிருமி இருக்கிறது. அது தேங்கி நிற்கிற தண்ணீரில் கலந்து, தோலில் காயம் இருக்கிற இடமாகப் பார்த்து உள்ளே போகிறது. ஒரு கிழமை, பத்து நாள் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் இரண்டையும் ஈரச் சாரத்தைப் பிழிகிற மாதிரிப் பிழியும் உளைவு. அப்போதும் கவனிக்காவிட்டால் ஈரலிலும் சிறுநீரகத்திலும் போய்க் குந்திக்கொள்ளும். எலியின் மூத்திரத்தால் வந்த வருத்தம் என் மூத்திரத்தை நிறுத்திவிட்டது. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான் எலிக்காய்ச்சல். அவசரமான ஆட்கள் இதோடு தாளைத் திருப்பித் தரலாம்.

நான் அதைத் தடிமன் காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் பால் கானோடு சைக்கிளில் திரிந்தேன். மூன்றாம் நாள் காலை சரசக்கா வீட்டு வாசலில் பிடிபட்டேன்.

எங்கள் ஒழுங்கை ஒடுக்கமான ஒரு மண் பாதை, அதில் பத்து வீடு. எங்களைத் தவிர ஒன்பதும் சைவ வீடுகள். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிறவர்கள். நாங்கள் மட்டும் வேதக்காரர், யேசு பிறந்த நத்தாரைக் கொண்டாடுகிறவர்கள். எங்கள் பின்வேலிக்கு அங்கால் சரசக்காவும் அவருடைய மனிசன் கந்தையாண்ணையும். சரசக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூப்பிட்டு மோர் தந்தாலும் அது கட்டளை மாதிரித்தான் இருக்கும்.

"உமக்கென்ன, கண் ரெண்டும் பிலாச்சுளை மாதிரி இருக்கு?"

"நத்தார் வருகுதெல்லே அக்கா. இப்பவே சோடிச்சுக்கொண்டு திரியிறன்."

அவர் சிரிக்கவில்லை. என் சைக்கிளில் இருந்த பால் கானைக் கழற்றி உள்ளே வைத்தார். கந்தையாண்ணையைக் கூப்பிட்டு, உழுகிற லான்ட்மாஸ்ரர் மெசினை எடுக்கச் சொன்னார். நாளைக்குப் போகிறேன் என்று நான் இழுத்தேன். அவர் அதன் இழுவைப் பெட்டிக்குள் நான் இருக்க ஒரு சாக்கை விரித்தார். அந்தச் சாக்கில் இருந்துகொண்டு, மஞ்சள் கண்ணோடு, கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்கிய காட்சியைக் கண்டவர்கள் ஏதோ மரக்கறி வந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கிளிநொச்சியில் டொக்டர் என் கண் மடலைக் கீழே இழுத்துப் பார்த்தார். கெண்டைக்காலை அமத்தினார், நான் அலறினேன். கடைசியாக எப்போது சலம் போனது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் மத்தியானமா, அதற்கும் முதல் நாளா, ஞாபகம் வரவில்லை. என்னை வவுனியாவுக்கு ஏற்ற உடனே அம்புலன்சுக்கு ஆள் அனுப்பினார்.

வழியில் ஓமந்தை ஆமிச் சாவடியில் அம்புலன்சின் பின்கதவைத் திறந்த ஆமிக்காரப் பெடியன் என் கண்ணைப் பார்த்தான். என் அடையாள அட்டையைப் பார்க்காமலே கதவைச் சாத்தினான். பயணமாகப் போகும்போது நாலு மணித்தியாலம் வரிசையில் நிற்க வைத்த இடம் அது. வருத்தத்துக்கும் ஒரு செல்வாக்கு இருக்கிறது என்று கூட வந்த றெஜினாவிடம் சொன்னேன். அவள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

வாட் டொக்டர் ஒரு சின்னப் பெண். என் மூத்த மகளுக்கு ஒரு பதினைந்து வயது கூட்டினால் அவர்தான். ஆனால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். சிறுநீரகம் என்பது தேத்தண்ணி வடி மாதிரி. இரத்தத்தில் சேருகிற கழிவை வடித்து வெளியே விடுகிறது. என் வடி அடைத்துப்போயிருக்கிறது. கழிவு இரத்தத்திலேயே தங்குகிறது. கிருமிக்குப் பென்சிலின் ஊசி ஏற்றுவார்கள். வடி திறக்கிறதோ இல்லையோ என்பதை இரண்டு சங்கதி சொல்லும். ஒன்று இரத்தப் பரிசோதனை. மற்றது கட்டிலுக்குக் கீழே இருக்கிற, கோடு போட்ட போத்தல்.

"ஐயா, நீங்கள் போற ஒவ்வொரு சொட்டும் அதுக்குள்ள வரவேணும். வெளியில எவ்வளவு வருதோ, அதைப் பாத்துத்தான் உள்ளுக்கு எவ்வளவு சேலைன் விடலாம் எண்டு நான் முடிவெடுப்பன்."

வடி திறக்காவிட்டால் என்று கேட்டேன். மெசினால் இரத்தத்தைக் கழுவ வேண்டும், அந்த மெசின் இங்கே இல்லை, கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்றார். எங்கள் பக்கத்திலிருந்து மெசினுக்கென்று போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெட்டியில் திரும்பி வந்தார். அதை டொக்டரிடம் சொல்லவில்லை. கண்டி நல்ல குளிரான இடமாமே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

முதல் நாள் போத்தலில் வந்தது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. நிறமும் அதேதான். இரண்டாம் நாள் அரைக் கோப்பை.

பகலில் பகிடி விட்டேன். வாட்டில் எல்லாரும் என்னைச் சுற்றித்தான். விளக்கை அணைத்த பிறகு பகிடி வரவில்லை. மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஒன்பது, செவலைப் பசுவுக்கு நாலு, என்று வயதுகளைக் கூட்டிக்கொண்டு கிடந்தேன். எப்படிக் கூட்டினாலும் அவர்களுக்கு நான் இன்னும் கொஞ்சக் காலம் தேவைப்படுகிற மாதிரித்தான் வந்தது.

பிள்ளைகள் இருவரும் சரசக்கா வீட்டில். றெஜினா வவுனியாவில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, பார்வையாளர் நேரத்துக்கு உப்பில்லாக் கஞ்சியோடு வருவாள். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அவளுடைய அன்பின் அளவு விளங்கும். அதைத் தினமும் தான் முதல் ஒரு கரண்டி குடித்துவிட்டு, நல்லாய் இருக்கு என்று முகத்தை மாற்றாமல் சொல்லுவாள்.

இனி அந்தத் தட்டுகள்.

தீபாவளி, தைப்பொங்கல், வருஷப்பிறப்பு மூன்றுக்கும் ஒன்பது வீட்டுப் பலகாரத் தட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். நத்தாருக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது தட்டுப் போகும். பயற்றம் பணியாரம், சிப்பி, கொக்கிஸ், இரண்டு துண்டு கேக். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் இது மாறும். அந்த வருஷம் அந்த வீட்டில் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுவதில்லை. பெருநாள் வந்தால் அயலவர்கள் தங்கள் வீட்டில் சுட்டு, அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆகவே பெருநாளன்று எந்த வீட்டிலிருந்து தட்டு வெளிக்கிடவில்லையோ, எந்த வீட்டுக்குத் தட்டுகள் போகின்றனவோ, அது இழவு வீடு. எங்கள் ஒழுங்கையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நத்தாருக்கு ஐந்து நாள் இருந்தது. றெஜினா இங்கே. அடுப்பு அங்கே. என் வீட்டு வாசலில் ஒன்பது தட்டு வந்து இறங்குவதும், என் பிள்ளைகள் இரண்டும் நின்று அதை வாங்குவதும் என் கண்ணுக்குள் வந்தபடி இருந்தது. நான் நத்தாருக்கு முதல் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். போக விட வேண்டியவர் டொக்டர். டொக்டர் நம்புவது போத்தலை. என் மூளை இவ்வளவு நேராக ஓடியது அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை.

அப்படித்தான் மூன்றாம் நாள் காலை, கை கழுவப் போகிற மாதிரிப் போய், கொஞ்சம் கலந்தேன். பேராசைப்படவில்லை. ஒரு கோடு. நர்ஸ் மிசி வந்து அளந்து எழுதிவிட்டு, "நல்லாய் வருது ஐயா" என்று சந்தோஷப்பட்டார். பாவம், அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. நாலாம் நாள் இரண்டு கோடு. டொக்டரும் சந்தோஷப்பட்டு, வெளியே வருவதற்கு ஏற்றபடி உள்ளே விடுகிற சேலைனைக் கூட்டினார். அவர் சொன்ன கணக்கு எனக்கு விளங்கியிருந்தது. ஆனால் என் களவையும் அந்தக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கால் வீங்கியது. கட்டிலில் கிடக்கிறபடியால் என்று எனக்கு நானே வைத்தியம் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் காசிம் நானா. முல்லைத்தீவில் புடவைக் கடை வைத்திருந்தவர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் பதின்மூன்று வருஷம் இருந்துவிட்டு, சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு திரும்பி வந்து, கடைக்குக் கூரை போடுகிறபோது ஆணி குத்தியிருக்கிறது. சீனி வருத்தக்காரர் என்றபடியால் காயம் ஆறாமல் புண்ணாகி, காலைத் தலையணையில் ஏற்றி வைத்துக்கொண்டு கிடந்தார். அதிகம் கதைக்கமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். புடவைக்காரர்களுக்கு அது தொழில். நான் போத்தலோடு போவதையும், போகும்போது இருந்ததைவிடப் பாரமான போத்தலோடு வருவதையும் அவர் இரண்டு நாளாகப் பார்த்திருக்கிறார்.

இருபத்திரண்டாம் தேதி கந்தையாண்ணை பஸ்ஸில் வந்தார். என்னுடைய சாரத்தைக் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். செவலை அவரைப் பால் கறக்க விடவில்லையாம், இரண்டு தரம் உதைத்துவிட்டதாம். சரசக்கா என் வீட்டுக் கொடியில் தோய்க்காமல் கிடந்த சாரத்தை எடுத்துக் கொடுத்து, இதைக் கட்டிக்கொண்டு போம் என்றாராம். அன்று தொடக்கம் செவலை ஒரு சொல் சொல்லாமல் நிற்கிறதாம். என்னை இவ்வளவு காலமும் அந்த மாடு மணத்தை வைத்துத்தான் மதித்திருக்கிறது. கறந்த பாலை என் சைக்கிளிலேயே கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்து வருகிறாராம்.

நத்தாரைப் பற்றி நான் வாய் திறக்க முதல் அவரே சொன்னார்.

"பலகாரத்தைப் பற்றி நீ யோசியாத. சரசு ஒழுங்கை முழுக்கக் கதைச்சிட்டா. ஒன்பது வீட்டிலயிருந்தும் உன்ர வீட்டுக்குத்தான் போகுது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் காதுக்குள் அது சாவு மேளம் மாதிரி விழுந்தது. ஒன்பது வீட்டிலிருந்தும் என் வீட்டுக்கு. அப்படியானால் ஒழுங்கை என்னைச் செத்தவன் கணக்கில் எழுதிவிட்டது. மூத்தவள் தந்ததாக ஒரு கடிதத்தையும் அவர் தலையணையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மெல்ல என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். என் சாரத்தோடு.

அடுத்த நாள் காலை ரோஷத்தில் நான் போத்தலை நிரப்பின நிரப்பலில், அது மனிசருக்குரிய அளவாக இருக்கவில்லை. யானைக்கு வரும். மத்தியானத்துக்குப் பிறகு மூச்சு எடுக்க முடியாமல் போயிற்று. படுத்தால் யாரோ நெஞ்சில் நெல்லு மூட்டை அடுக்குகிற மாதிரி. எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை.

டொக்டர் ஓடி வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நுரையீரலில் தண்ணீர் சேர்கிறது என்றார். ஒரு கையில் போத்தல் அளவு எழுதிய தாள், மறு கையில் அன்றைய இரத்தப் பரிசோதனைத் தாள். ஒன்று நான் சுகமாகிவிட்டேன் என்கிறது, மற்றது நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்கிறது. இரத்தத்தை மறுபடி எடுக்கச் சொல்லி மிசியைக் கூப்பிட்டார். அப்போது காசிம் நானா தொண்டையைச் செருமினார்.

"டொக்டர், ரத்தத்தை விடுங்கோ. அந்தப் போத்தலை ஒருக்கா மணந்து பாருங்கோ."

டொக்டர் குனிந்து போத்தலை எடுத்தார். மூக்கில் வைத்து மணந்து பார்க்கவில்லை. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பைப்?"

"இடது பக்கம்" என்றேன்.

அதையும் அவர் தாளில் எழுதினார் என்று நினைக்கிறேன். ஏசுவார் என்று இருந்தேன். ஏசவில்லை. தானே சேலைன் குழாயைப் பூட்டினார். பூட்டிவிட்டு, தாளில் தான் கூட்டிக் கூட்டி எழுதிய சேலைன் அளவுகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டினார். இரண்டு நாளாக என் பொய்யை நம்பி எனக்குள் தண்ணீரை விட்டவர் அவர். அந்த வெட்டுக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது பகிடி இல்லை என்பது எனக்கு விளங்கிற்று. தண்ணீரைப் போக வைக்கிற ஊசியை ஏற்றிவிட்டு, வெறும் போத்தலில் ஒரு கோட்டைக் காட்டினார்.

"நாளைக்கு மத்தியானம் மட்டும் பாப்பன் ஐயா. இந்தக் கோட்டுக்கு வரவேணும். வராட்டில் அம்புலன்ஸ், கண்டி."

அவர் போனதும் நான் காசிம் நானாவைப் பிடித்தேன். மூச்சு வாங்க வாங்க, காட்டிக்கொடுத்துவிட்டீர்கள் என்றேன். எங்கள் பக்கத்தில் அது சும்மா சொல்லுகிற சொல் இல்லை, சண்டைக் காலத்தில் அந்தப் பெயர் எடுத்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர் தன் காலைத் தலையணையில் சரியாக வைத்தார்.

"நீ சுகமாய்ப் போய் வீட்டில இருந்து என்னை ஏசு, தம்பி. மையத்தாய்ப் போனால் என்னை ஆர் ஏசுறது?"

பின்னேரம் றெஜினா வந்தாள். வாசலிலேயே மிசி எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த கடிதத்தை எடுத்து, ஏன் உடைக்கவில்லை என்றாள். அயல் என் வீட்டை இழவு வீடாக்கிவிட்டது, அதைப் பிள்ளையின் கையெழுத்தில் வேறு வாசிக்க வேண்டுமா என்றேன். அவள் உடைத்து வாசித்தாள்.

மூத்தவள் எழுதியிருந்தாள்: "அப்பா, நாங்கள் சுகம். சரசு மாமி எங்கட குசினியிலதான் பலகாரம் சுடப்போறா. ஒன்பது வீட்டு மாமிமாரும் மா, பயறு, சீனி, தேங்காய் எல்லாம் எங்கட வீட்டுக்குக் கொண்டுவந்து வைச்சிருக்கினம். தங்கட வீட்டில சுடக்கூடாதாம். அடுப்பு எங்கட அடுப்பாய் இருக்கவேணுமாம், புகை எங்கட கூரையால எழும்பவேணுமாம், ஒழுங்கையில ஆரும் பிழையாய் நினைக்கக்கூடாதாம். நத்தார் அண்டு நானும் தங்கச்சியும் ஒன்பது தட்டும் கொண்டுபோய்க் குடுப்பம். கேக்குக்கு முட்டை நான்தான் உடைக்கவேணும், மாமி முட்டை தொடமாட்டா. மாதா படம் இருட்டுக்குள்ள கிடக்குது எண்டு மாமி ஒவ்வொரு நாளும் பின்னேரம் விளக்குக் கொளுத்திறா. நீங்கள் கெதியாய் வாங்கோ. செவலைக்கு மாமாவைப் பிடிச்சுப்போட்டுது."

றெஜினா கடிதத்தை மடித்தாள். ஒன்பது வீட்டிலிருந்தும் போனது பலகாரம் இல்லை, மாவும் சீனியும். அதைக் கந்தையாண்ணை ஒரு வசனம் கூடச் சொல்லியிருந்தால் நான் யானை அளவுக்குப் போயிருக்கமாட்டேன். ஆனால் அவர் மீது பிழையில்லை. நான் திரும்பிப் படுக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

சாவீட்டுக்குப் பலகாரம் கொடுக்கிற முறை அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் என் வீட்டுக்கு ஒரு தட்டும் கொண்டுபோகக்கூடாது என்று சரசக்கா ஒழுங்கை முழுக்க நடந்து சொல்லியிருக்கிறார். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை எங்கள் ஒழுங்கை என் அடுப்பில் நெருப்பு மூட்டிச் சொல்கிறது. இங்கே நான் பைப்படியில் அதற்கு எதிர்ச் சாட்சி தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவு எடுத்தேன். கண்டிக்குப் போவதென்றால் போவேன், மெசினென்றால் மெசின். ஆனால் வருவது ஒரு சொட்டென்றாலும் அது என்னுடைய சொட்டாக இருக்கும். போத்தலைக் காசிம் நானாவின் கட்டிலுக்குக் கீழே வைக்கச் சொன்னேன். அவர் அதை இடுப்பில் செருகுகிற தன் கடைத் திறப்பு மாதிரிப் பொறுப்பெடுத்துக்கொண்டார். விடியுமட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தபடியே மூச்செடுத்தேன்.

இருபத்திநாலாம் தேதி காலை ஆறு மணிக்குப் போத்தலின் அடி நனைந்தது. எட்டு மணிக்கு இரண்டு விரல். காசிம் நானா குனிந்து, துணி முழம் போடுகிற மாதிரி விரலால் அளந்து, வாட் முழுக்கக் கேட்கச் சொல்லுவார். அந்தப் பக்கம் கால் உடைந்து தொங்கவிட்டிருந்த ஒருவர், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி அரை மணிக்கு ஒருக்கா என்ன நிலவரம் என்று கேட்டார். பத்து மணிக்கு நின்றுவிட்டது. பத்தரை, ஒன்றுமில்லை. பதினொன்று, ஒன்றுமில்லை. வாசலில் ஒரு வாகனம் வந்து நின்ற சத்தம் கேட்டது. அது எனக்கான அம்புலன்சா, சோற்று வாகனமா என்று யாரும் கேட்கவில்லை. றெஜினா என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். செபமாலை உருட்டவில்லை. "விடுங்கோ, வரும்" என்று ஒரு மாடு கன்று போடும்போது சொல்லுகிற குரலில் சொன்னாள்.

பதினொன்றரைக்கு வந்தது. வந்தது நிற்கவில்லை.

டொக்டர் பன்னிரண்டுக்கு வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தார். கோட்டுக்கு மேலே ஒரு விரல். என்னைப் பார்க்காமல் காசிம் நானாவைப் பார்த்தார்.

"சொந்த உற்பத்தி டொக்டர். நான் பொறுப்பு" என்றார் அவர்.

டொக்டர் சிரித்ததை அன்றுதான் முதல் கண்டேன். கண்டிப் பேச்சு அதோடு போயிற்று.

நத்தார் அன்று மிசிமார் சேலைன் கம்பிகளில் பஞ்சு சுற்றி, பனி பெய்கிற மாதிரிச் சோடித்திருந்தார்கள். காசிம் நானாவின் மனிசி எனக்கென்று உப்பில்லாமல் ஒரு மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். அதை உப்பில்லாமல் எப்படி ருசியாக்கினார் என்பதை றெஜினா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். பின்னேரம் கந்தையாண்ணை வந்தார், தன்னுடைய வேட்டியில். கையில் எங்கள் வீட்டுத் தட்டு ஒன்று, சீலைத் துண்டால் கட்டி.

இந்த முறை நான் அவர் பக்கம் திரும்பி இருந்து, கடைசிவரை கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. காலையில் பிள்ளைகள் இரண்டும் புதுச் சட்டையோடு ஒன்பது தட்டும் கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார்கள். தட்டை அடுக்கி, துணியால் மூடி, வாசல் மட்டும் வழியனுப்பிய சரசக்கா, பின்வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடி, தன் வீட்டுக் கேற்றடியில் போய் நின்றிருக்கிறார். மூச்சிரைக்க இரைக்கத் தட்டை வாங்கி, தான் சுட்ட பலகாரத்தைத் திறந்து பார்த்து, "ஏன் பிள்ளையள் உங்களுக்கு இந்தக் கரைச்சல்?" என்று கேட்டாராம். மற்ற எட்டு வீட்டிலும் அதே மாதிரித்தான் ஒன்றும் தெரியாத முகத்தோடு வாங்கினார்களாம். தாங்கள் கொடுத்த மாவையும் சீனியையும்.

கேக்கில் காசிம் நானாவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். அவர் கடித்துப் பார்த்து, வாயிலிருந்து எடுத்து, அதை இன்னொருக்காப் பார்த்தார். முட்டை வெடில் மணத்துக்குப் பயந்து சரசக்கா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு செய்வித்த கேக் அது. என் கீழ் வரம்பை அதனால் கட்டியிருந்தால் உடைந்திருக்காது. காசிம் நானா தேத்தண்ணியில் ஊறப்போட்டு, முழுவதையும் தின்றார்.

அடைத்த வடி திறந்தால், கொஞ்ச நாளைக்கு அது கட்டுப்பாடில்லாமல் ஓடும். அப்போது போகிற தண்ணீருக்கு ஈடாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் மறுபடி படுத்துவிடும். தை மாதம் பிறக்கிற நேரம் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டொக்டர் இதை எனக்கு இரண்டு தரமும், றெஜினாவுக்கு மூன்று தரமும் சொன்னார். காசிம் நானா இன்னும் இரண்டு கிழமை கிடக்க வேண்டியிருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். சுகமாய்ப் போய் என்னை ஏசு என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஓமந்தையில் நாலு மணித்தியாலம் நின்றேன். இப்போது என் கண் வெள்ளையாகிவிட்டதே. அந்த நாலு மணித்தியாலத்தில் சரசக்காவுக்குச் சொல்ல ஒரு பேச்சுத் தயாரித்தேன். பகிடி ஒன்றும் இல்லாத பேச்சு. எனக்கே கண் கலங்கிற்று.

ஒழுங்கையில் இறங்கி, என் வீட்டுக்குப் போக முதல் அவர் கேற்றைத் திறந்தேன். முற்றத்தில் சுளகை வைத்துக்கொண்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். காலில் செருப்பு இருக்கிறதா என்றும் பார்த்தார். எழுந்து உள்ளே போய், கொதித்தாறின தண்ணீர் ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து என் கையில் தந்தார். நான் செம்பைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினேன்.

"அக்கா, நான் அங்க சாகக் கிடக்கேக்க, என்ர வீட்டு அடுப்பை நூர விடாமல் நீங்கள் செய்த இந்த உதவியை நான் என்ர உயிர் உள்ளவரைக்கும்..."

அவர் சுளகுக்கு முன்னால் மறுபடி குந்தினார்.

"கதையை விட்டிட்டு, இந்தமுறை தண்ணியை வாய்க்குள்ள ஊத்தும்."